வியாழன் வகுப்பு நூலகத்தில்

பிள்ளைகளே, வணக்கம். வியாழன் காலை 10 மணி வகுப்பு நம் அறையில் இல்லை. புதுவைப் பல்கலைக்கழகக் காலாப்பட்டு வளாகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்தில். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை நாள்தோறும் எழுதி வைத்தவர் பெயர் தாங்கிய இடம், தேர்வு நேரத்தில் மட்டும் போகிற இடமாக இருக்கலாமா?

நூலகரிடம் பேசிவிட்டேன். ஒரு கேள்வியை எப்படித் தேடுவது என்று கூடவே உட்கார்ந்து காட்டுவார். போன முறை ஒரு மாணவி ‘மீனவர்’ என்று மட்டும் தட்டினாள். பக்கம் பக்கமாகக் கொட்டியது. ஊரையும் ஆண்டையும் சேர்த்ததும் வேண்டியது கைக்கு வந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். நான் கரும்பலகையில் ஒரு மாதம் சொன்னாலும் அது வராது.

அப்புறம், சோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம், அதையும் பார்ப்போம். அடையாள அட்டையோடு ஆளுக்கொரு கேள்வியும் கொண்டு வாருங்கள்.