கயல்விழிக்கு: வெள்ளைச் சாலைகளைப் பற்றி

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீயும் உன் தோழிகள் இருவரும் அக்டோபரில் இங்கு வந்து சைக்கிளில் சுற்றுவதற்காக வகுத்து அனுப்பிய திட்டத்தை நானும் அம்மாவும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம். காயோலேயில் தொடங்கி, சியெனா, மொந்தல்சினோ, அஷானோ வழியாகக் காயோலேவுக்கே திரும்பும் லெரோய்க்கா என்னும் பழைய சைக்கிள் ஓட்டத்தின் தடம் முழுவதையும், அதாவது 209 கிலோமீட்டரையும், இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். ஆற்றங்கரையோரச் சமதளத்தில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவளுக்கு அது நியாயமான கணக்காகவே தோன்றும். ஆனால் இத்தாலியில், தொஸ்கானாவின் இந்தப் பகுதியில் தூரத்தை வைத்து நாளைக் கணக்கிடக் கூடாது. ஏற்றத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

அந்தத் தடத்தில் மொத்தமாக ஏற வேண்டிய உயரம் 3,500 மீட்டருக்கும் மேல். அதில் பெரிய மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதுதான் ஏமாற்றுகிறது. ஊர்களெல்லாம் குன்றுகளின் முதுகிலும் ஓடைகளெல்லாம் அவற்றின் இடுக்குகளிலும் இருப்பதால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் எந்தச் சாலையும் முதலில் அடிவரை இறங்கிப் பிறகு ஏறியாக வேண்டும். அந்த ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை; பத்து விழுக்காட்டுச் சரிவு சாதாரணம், பதினைந்தும் அபூர்வமன்று. தார்ச் சாலையாக இருந்தால் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கலாம். இந்த வெள்ளைச் சாலைகளின் உதிரிச் சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து, அது நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே உட்கார்ந்தபடியே, மிகத் தளர்ந்த கியரில், சீராக மிதித்து ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

உன் தோழிகளில் ஒருத்தி பந்தய சைக்கிளைக் கொண்டு வரப்போவதாக எழுதியிருந்தாய். தொழில்முறைப் போட்டியாளர்கள் ஏறத்தாழ முப்பது மில்லிமீட்டர் டயரில் இந்தச் சாலைகளில் ஓடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் உதிரிச் சக்கரங்களோடு கார் வருகிறது. நமக்கு 40 மில்லிமீட்டர் டயர்தான் பொருத்தம், அதுவும் டியூப்லெஸ் ஆகவும், காற்றழுத்தம் சற்றுக் குறைவாகவும் இருந்தால் நல்லது. வாகனங்கள் ஓடி ஓடித் தகரக் கூரைபோல வரி வரியாகிவிட்ட இறக்கங்களில், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவரின் கைதான் முதலில் மரத்துப்போகும். பிரேக்கை வளைவுக்கு முன்பாகவே பிடித்துவிட வேண்டும், வளைவின் நடுவில் அல்ல.

இந்தச் சாலைகள் இன்னும் சரளையாகவே இருப்பது தற்செயலன்று. பண்ணைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் இணைப்பதற்காகச் சுண்ணாம்புக்கல் சரளை பரப்பிய இந்த வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று காயோலேயைச் சேர்ந்த ஜான்கார்லோ புரோச்சி 1997-ஆம் ஆண்டு பழைய சைக்கிள்களுக்கான லெரோய்க்கா ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் முறை வந்தவர்கள் 92 பேர். 1987-க்கு முந்தைய வடிவச் சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி இன்றும் இருக்கிறது; அந்த ஓட்டத்தின் தடம்தான் வழிகாட்டிப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் எல்லா வகைச் சைக்கிள்களுக்கும் திறந்திருக்கிறது. அதிலிருந்து கிளைத்ததுதான் 2007-இல் தொடங்கிய ஸ்த்ராதெ பியாங்கெ என்னும் தொழில்முறைப் போட்டி. பெண்களுக்கான போட்டி 2015-இல்தான் சேர்ந்தது. அதற்கு அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை என்று அம்மா இன்றும் சொல்கிறாள். லெரோய்க்கா ஓட்டம் அக்டோபரின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று நடக்கும். அந்த வாரத்தில் காயோலேயில் அறை கிடைப்பது அரிது என்பதால் அதற்குப் பிந்தைய வாரத்தில் வாருங்கள்.

முதல் நாள் காயோலேயிலிருந்து புரோலியோ கோட்டை வழியாகச் சியெனாவுக்கு வந்துவிடலாம். கோட்டைக்கு ஏறும் சாலையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. இந்த நாளில் நிழலுக்குப் பஞ்சமில்லை. சியெனாவுக்குள் நுழையும்போது போட்டியில் வருவதுபோல சாந்தா கத்தெரீனா தெருவின் பதினாறு விழுக்காட்டு ஏற்றத்தில் ஏறி காம்போ சதுக்கத்தை அடைய வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு வரும். தாராளமாக ஏறுங்கள், ஆனால் உல்லாசப் பயணிகள் நிறைந்த அந்தக் குறுகிய தெருவில் நடுவழியில் இறங்கித் தள்ள நேர்ந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ராதி, முர்லோ வழியாக, ஒம்பிரோனே ஆற்றைத் தாண்டி, 560 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் மொந்தல்சினோவுக்கு ஏறுவது. நான்கு நாளிலும் கடினமானது இதுதான். மொந்தல்சினோவில் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் மாலையில் மனம் நிம்மதியாக இருக்கும்.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் அன்று உங்கள் சக்கரத்தின் கீழ் மண்ணே மாறிவிடுகிறது. சியெனாவுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள கிரேதே செனேசி என்னும் வெளி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பிளியோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சாம்பல்நிறக் களிமண்ணால் ஆனது. உழுத வயல்களில் சிப்பிகள் இன்றும் கிடைக்கின்றன. அக்டோபரில் கோதுமை அறுவடை முடிந்து, உழுது போட்ட கட்டிகளோடு குன்றுகள் வெறுமையாகக் கிடக்கும். பச்சையைப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரலில்தான் வர வேண்டும், ஆனால் எனக்கு இந்த வெறுமையே அதிகம் பிடிக்கும். மழை பெய்யாதவரை கவலையில்லை. பெய்துவிட்டால், சரளை பரப்பிய பொதுச் சாலை தாங்கிக்கொள்ளும். வயலோரமாகப் போகும் பண்ணைத் தடங்கள் தாங்கா. களிமண் டயரில் ஒட்டி, சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் அடைத்து, சைக்கிளைத் தோளில் சுமக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். 2010-ஆம் ஆண்டு ஜீரோ தித்தாலியா என்னும் இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தில், மொந்தல்சினோவில் முடிந்த கட்டத்தில், யார் எந்த அணி என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சேறு பூசி வந்த வீரர்களில் கேடல் எவன்ஸ் முதலில் வந்தார். முந்தைய இரவு மழை பெய்திருந்தால், செயலி காட்டும் குறுக்கு வழிகளை அடியோடு மறந்துவிடுங்கள்.

அன்று அஷானோவில் தங்குங்கள். நான்காம் நாள் காலையில் அங்கிருந்து மோந்தே சாந்தே மரியே சாலை, சரளையாகவே 11.5 கிலோமீட்டர். ஸ்த்ராதெ பியாங்கெயில் மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயர் அந்தப் பகுதிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. நிழலும் கடையும் இல்லாத அந்த வழிக்கு ஆளுக்கு இரண்டு குப்பி தண்ணீரை அஷானோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர்க் குழாயில் ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. பிறகு காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா, ராத்தா, காயோலே.

ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டித் தப்ப முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியாக நடந்து மந்தையைக் கடந்துவிடுங்கள். வேட்டைப் பருவம் தொடங்கியிருக்கும் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணியுங்கள்; செவ்வாயும் வெள்ளியும் இத்தாலியச் சட்டப்படி வேட்டை கிடையாது, எனவே காட்டுப் பகுதி வரும் நாளை அவற்றில் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. மதியம் ஒரு மணிக்கு மேல் சிற்றூர்க் கடைகள் மூடிவிடும். நீ சைவம் என்பதால் தக்காளியும் பூண்டும் சேர்த்த பிச்சி என்னும் தடித்த பாஸ்தாவும், ரொட்டி ஊறிய ரிபொல்லீத்தா என்னும் காய்கறி சூப்பும் உனக்குப் போதும், ஆனால் குழம்புச்சாற்றில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள். இந்த ஊர் ரொட்டியில் உப்பு போடுவதில்லை. அதற்காகவே அம்மா எலுமிச்சை ஊறுகாயைச் சிறு புட்டியில் எடுத்து வைத்திருக்கிறாள்.

நடுவில் யாருக்காவது முடியாமல் போனால் புவோன்கொன்வெந்தோவிலும் அஷானோவிலும் ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுத்து வட்டார ரயிலில் சியெனாவுக்கு வந்துவிடலாம். மாதக் கடைசி ஞாயிறுக்குப் பிறகு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். கனமான பைகளை நான் காரில் ஊருக்கு ஊர் கொண்டு வந்து தருகிறேன். எந்தத் தேதியில் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்பதையும், தோழிகள் இருவரும் என்ன உயரம் என்பதையும் எழுது. பந்தய சைக்கிளுக்குப் பதிலாக வாடகைக்கு ஒரு கிரேவல் சைக்கிளை, அதாவது சரளைச் சாலைக்கேற்ற சைக்கிளை, இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா