ஏரியைச் சுற்றும் முன் பெரட்டுக்களத்துக்கு வாருங்கள்

இலங்கை மலையகத்தின் காசல்ரீ ஏரிக்கரைக்கு நடக்கவும் ஓடவும் சைக்கிள் ஓட்டவும் வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் நண்பர்களே,

உங்கள் முகங்கள் எனக்குத் தெரியும், பெயர்கள் தெரியாது. சனிக்கிழமை இருள் பிரியும் முன்பே நோர்வூட் கடைத்தெருவில் வேனை நிறுத்திக் கூரையிலிருந்து சைக்கிள்களை இறக்குகிறீர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பலர், கண்டியிலிருந்து சிலர்; அண்மைக்காலமாக யாழ்ப்பாணத்துத் தமிழும் காதில் விழுகிறது. அந்த நேரத்தில் எதிரே தனியாக ஓடிவரும் பெண் ஒருத்தியைக் கண்டிருப்பீர்கள். அது நான்தான். ஏரிக்கரைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

நான் ஓடத் தொடங்கிய முதல் நாள், தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் வாளியைப் போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆனது என்று பதறிக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டங்களில் ஒருவர் ஓடினால் காரணம் மூன்றில் ஒன்றுதான்: சாவு, பிரசவம், குளவி. உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நாள் முழுக்கச் சுமையோடு மலை ஏறி இறங்குகிறவருக்கு அது எப்படி நம்பும்படி இருக்கும்? இரண்டு வருடம் போய்விட்டது. இப்போது நான் பிந்தினால், இன்றைக்கு நேரமாகிவிட்டதா டீச்சர் என்று கேட்கிறார்.

சாவையும் பிரசவத்தையும் விட்டுவிடுகிறேன். இந்த மடல் குளவியைப் பற்றியது.

சென்ற ஆண்டு மாசி மாதம். ஏரி வற்றி, செம்மண் விளிம்பு படிபடியாகத் தெரிந்துகொண்டிருந்த நாட்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று கரையோரமாக நடந்து வந்தது. பெயர் சொல்லப்போவதில்லை, அவர்கள் கெட்டவர்களும் அல்லர். கொழுந்து மலைக்கு மேலே டர்பன்டைன் மரங்கள் நிற்கும் இடத்தில் இளைப்பாறி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டித் தேநீர் வைத்தார்கள். பனியில் நனைந்த சுள்ளி. புகை எழும்பாமல் என்ன செய்யும்? குடித்து முடித்துத் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிஸ்கட் உறைகளைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார்கள். பிறகு அடுத்த வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மேல் கிளையில் மூன்று குளவிக்கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. புகை ஏறி, கலைந்தவை கீழே இறங்கியபோது அங்கே இருந்தவர்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். தேயிலைச் செடி இடுப்பளவு, வரிசைக்கு வரிசை ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி, முதுகில் சுமை. அங்கிருந்து ஓடிப் பாருங்கள், உங்கள் பயிற்சி எவ்வளவு உதவும் என்று தெரியும். ஏழு பேருக்குக் கொட்டியது. இருவரை ஆஸ்பத்திரியில் இரவு தங்கவைத்தார்கள். அவர்களில் ஒருவர் என் சின்னம்மா. முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு விழுந்தது அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்க வருடக்கணக்கில் போராடி, அது 2021 இல் வர்த்தமானியில் வந்த கதையை நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள். எங்கள் வீடுகளில் அரைப்பேர் என்பது சின்ன விஷயம் கிடையாது.

அந்தக் குழுவுக்கு இது இன்றுவரை தெரியாது.

எனக்கு உறுத்துவது அதுதான். அந்த மரத்தில் கூடு இருப்பது தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், விடப்படும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அன்று எந்த மலையில் கொழுந்து என்பது காலை ஆறரைக்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் நீங்கள் மட்டும். ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: தோட்டத்துக்குள் கால் வைப்பதற்கு முன் பெரட்டுக்களத்துக்கு வாருங்கள்.

பெரட்டு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஆட்கள் கூடும் இடம் அது. கங்காணியும் வெளிக்கள உத்தியோகத்தரும் யார் எந்த மலைக்குப் போவது என்று பிரிப்பார்கள். எங்கே கொழுந்து, எங்கே கவ்வாத்து என்னும் செடிவெட்டு, எங்கே மருந்தடிப்பு, எந்த இடத்தில் வடிகால் கான் வெட்டித் திறந்து கிடக்கிறது, ராத்திரி எந்த லயத்து நாயைப் புலி தூக்கியது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். பத்து நிமிடம் போதும். உங்கள் கைக்கடிகாரத்துக்கு ஏற்றம் எத்தனை மீட்டர் என்று தெரியும். இன்று மருந்தடிக்கும் மலை எது என்று அது சொல்லாது.

புலி என்று நாங்கள் சொல்வது சிறுத்தையை. சிரிக்க வேண்டாம், 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்ஸபானத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டி, மூன்று நாளில் செத்துப்போன கருஞ்சிறுத்தையைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் தனியாக ஓடுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் புறப்பட்டால் நல்லது. அட்டையைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்பகுதியை வெறும் காட்சி என்று எண்ணுவது உங்கள் தவறு மட்டுமல்ல. 2023 இல் திறந்துவைக்கப்பட்ட பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் மலையகத்தைச் சுற்றுகிறது; நோர்வூட்டையும் தொட்டுப் போகிறது. நல்ல முயற்சி, நானே இரண்டு கட்டங்கள் நடந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பழைய பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் வெள்ளைக்காரத் துரைமார் போட்ட பாதை என்கிறார்கள். துரை குதிரைமேல் இருந்தார். மண் வெட்டியவர்கள், தேயிலைத் தூரைப் பெயர்த்தால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். டிக்கோயாப் பக்கம் ஏரியைப் பார்த்தபடி 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அங்கே துரைமாரின் கல்லறைகளைப் படம் எடுப்பீர்கள். எங்கள் பாட்டன்மாரைத் தேடினால் கல் அகப்படாது. அவர்கள் தேயிலைக்கு உரமாய்ப் போனவர்கள்.

ஏரிகூடப் புதியதுதான். எங்கள் வாயில் அது டேம். ஏரி என்பது உங்களோடு வந்த சொல். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை. இந்தத் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965 இல் தொடங்கியது. மலைக்கு அப்பால் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் அங்கே பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும்போது பார்க்க ஆள் திரள்கிறது. போங்கள், பாருங்கள், ஆனால் வற்றிய கரையின் சேற்றை நம்பாதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், கீழே முழங்காலளவு வண்டல். இங்கே யாரும் குளிக்க இறங்காததற்குக் காரணம் குளிர் என்று நினைக்கிறீர்கள். அதுவல்ல.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தால் களனி கங்கை. களனியிலிருந்துதான் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். கரையில் நீங்கள் விட்டுச்செல்லும் போத்தல் உங்களுக்கு முன்னமே ஊர் போய்ச் சேரவும் கூடும்.

சைக்கிள்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் பஸ்களும் வேன்களும் அட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக இராப்பகலாக ஓடும். அந்த மாதங்களில் வார இறுதியில் பெருவீதியை விட்டு விலகியிருங்கள். மழைக்காலத்தில் காசல்ரீ அணை நிரம்பி வான் பாய்கிறது என்று செய்தி வந்தால் அன்றைக்கு அட்டன் கடையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவதே மேல். தோட்ட வீதிகளில் கொழுந்து லொறி வளைவில் ஹோன் அடிக்கும், அடிக்காமலும் வரும்.

இன்னொன்று, என் மாணவர்கள் சார்பில். துவிச்சக்கர வண்டி என்ற சொல்லை நாங்கள் எல்லாரும் புத்தகத்தில் படித்திருக்கிறோம். வண்டியைத்தான் வீட்டில் பார்த்ததில்லை. இந்த ஏற்றத்தில் அதை வைத்து யார் என்ன செய்வது? ஆனால் ஒன்பதாம் தரப் பையன் ஒருவன், ரப்பர் செருப்போடு குறுக்கு வழியில் ஏறி, வீதியைச் சுற்றி வந்த உங்கள் சைக்கிள்காரர் இருவருக்கு முன்னால் பாடசாலை வாசலில் நின்றான். அவர்கள் கைதட்டி, அவனோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏரியைச் சுற்றி ஓட்டப்போட்டி நடத்தும் எண்ணம் உங்களில் சிலருக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நடத்தினால் இங்குள்ள பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம், அவர்களுடைய நேரமும் உங்களுடையதோடு ஒரே பட்டியலில் வரட்டும். வழிகாட்ட ஒருவரை அழைத்தால் பேசிய கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள். சுற்றுலா வந்தால் எல்லாம் வரும் என்ற பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். தேங்காயும் மாசியும் ஒருமுறை கேட்டாயிற்று.

படம் எடுப்பது பற்றி நீளமாக எழுத நினைத்திருந்தேன். வேண்டாம். பெரட்டில் ஒருமுறை நின்று, பெயர் கேட்டு, பெயர் சொன்னால், மலையில் கண்டபோது எடுக்கலாமா என்று கேட்க உங்களுக்கே வாய் வரும்.

எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமைப் பெரட்டு ஆறரைக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எதிரே. நான் ஓடி முடித்து ஆறேகாலுக்கு அங்கே இருப்பேன். சின்னம்மாவும் வருவார், கூடுள்ள மரங்கள் எவை என்று அவரிடம் கேளுங்கள், விரல் நீட்டிக் காட்டுவார்.

அன்புடன்,
எதிரே ஓடிவரும் டீச்சர்