மறதிப் பரிசோதனை எந்த மொழியில்?

ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மறதி நோய் தள்ளிப்போகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் தாலுகாவில் பலருக்கு மகிழ்ச்சி தந்திருக்கும். வீட்டில் தமிழ், ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீசிலும் மலையாளம் என்று வாழ்கிற ஊர்கள் இவை. கட்டுரை சொன்னது சரி, ஆனால் பாதிதான்.

அந்த ஆய்வு ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் செய்து 2013-ல் வெளியிட்டது. டிமென்ஷியா எனும் மறதி நோய் உறுதியான 648 பேரில், ஒரே மொழி பேசியவர்களைவிடப் பல மொழி பேசியவர்களுக்கு அறிகுறிகள் சுமார் நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆகவே இது படிப்பால் வந்த பலன் மட்டும்தான் என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம், நோயில்லாதவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகளில் இந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். மேலும், மூளைக்குள் சேதம் நிற்பதில்லை. மிச்சமிருக்கிற வழிகளில் மூளை சமாளிப்பதால் வெளியே தெரியத் தாமதமாகிறது, அவ்வளவே. அப்படிப் பிந்தித் தெரிகிற நோயைச் சரியாகப் பிடிக்கப் பரிசோதனை ஒழுங்காக இருக்க வேண்டும். இங்கேதான் எல்லையோரத் தமிழர்களுக்குச் சிக்கல்.

ஒரு உதாரணம். 'ப'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். தமிழ் படித்த பெரியவர் பல், பாய், பூமி, பயம், பாரம், பாக்கி என்பார். தமிழில் எல்லாம் ஒரே எழுத்து. மலையாளத்தில் பூமியும் பயமும் பாரமும் வேறு எழுத்து, பாக்கி இன்னொரு எழுத்து. மலையாளத் தாளை வைத்துத் திருத்தினால் ஆறில் நாலு தப்பு. மிருகங்களின் பெயர் கேட்டால் 'நாய்' என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்து, அதற்கான மலையாளச் சொல்லான 'பட்டி' என்றும் சொல்வார். அதை ஒன்றாக எண்ணலாம். சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று நோயின் அடையாளமாகக் குறிக்கக் கூடாது. மாதம் கேட்டு 'ஆடி' என்று பதில் வந்தால், அது மலையாளக் கர்க்கடக மாதம்தான் என்று சோதிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1975-ல் அமெரிக்காவில் வந்து உலகமெங்கும் பரவிய 30 மதிப்பெண் சோதனையில் இன்னொரு குறை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடிக்காத பாட்டி நல்ல நினைவோடு இருந்தும், நோய் என்று சந்தேகிக்கும் எல்லையான 24-க்குக் கீழே போய்விடுவார். இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கர் கிராம மக்களுக்கென்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய இந்திச் சோதனை 1995-லேயே உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்போ இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. அந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை பாலக்காட்டுத் தமிழருக்கும் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாத் தமிழருக்கும் பக்கத்து மொழித் தாள்தான் மிச்சம். வெறுமனே மொழிபெயர்த்தால் போதாது. நோயில்லாத முதியவர்களிடம் படிப்பு வாரியாகச் சோதித்து, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே சந்தேகப்படலாம் என்று புதிதாகக் கணக்கிட வேண்டும்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். நோய் இல்லாதவருக்கு டோனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரையை எழுதினால் பசி குறையும், நாடித்துடிப்பு மெதுவாகும். நோய் உள்ளவரை 'மலையாளம் வரவில்லை' என்று திருப்பி அனுப்பினால் காலம் வீணாகும்.

அழைத்துப் போகிற வீட்டார் கவனிக்க: காலை நேரத்தில் போங்கள். கண்ணாடியும் காது மெஷினும் கூடவே இருக்கட்டும். காதில் குரும்பி அடைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் வராது. சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரை, அரிப்பு மாத்திரை. பி12, தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இவற்றின் குறையாலும் மறதி வரும், சரிசெய்யவும் வாய்ப்புண்டு. சில்லறை எண்ணுவதில், குழம்புக்கு உப்புப் போடுவதில், தெரிந்த பஸ்ஸில் ஏறுவதில் எப்போதிலிருந்து தடுமாற்றம் என்று எழுதி வையுங்கள். மதிப்பெண் தாளைவிட டாக்டருக்கு இது உதவும். அருகில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மறதி நோயாளிகளுக்கான கேரள சமூக நீதித் துறையின் 'ஓர்மத்தோணி' திட்டம் நல்ல முயற்சி. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்த் தாளும், தமிழ் தெரிந்த ஒருவர் சோதிக்கும் ஏற்பாடும் அதில் வேண்டும். அதுவரை, ஒவ்வொரு சோதனைத் தாளின் தலைப்பிலும் வீட்டு மொழி, படித்த மொழி, படித்த ஆண்டுகள் ஆகிய மூன்றையும் எழுதும் வழக்கத்தையாவது மருத்துவமனைகள் உடனே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்