செடி வாங்கும் காசை ஆடி வரைக்கும் கட்டி வையுங்கள்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் வணக்கம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். பின்பக்கத் தோட்டம் வறண்டு பார்க்கச் சகிக்காமல் கிடப்பதாகவும், மண்ணைக் கிளறிவிட்டு கொரியன் புல் விரித்து ஓரத்தில் குரோட்டன்ஸ் வைக்க ஒருவரிடம் விலை கேட்டிருப்பதாகவும், மே மாதத்துக்குள் வேலையை முடித்துவிட எண்ணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பதில் போட்டால் நாலு கட்டைவிரலோடு போய்விடும், அதனால் எல்லோரும் நிதானமாகப் படிக்கட்டும் என்று மடலாகவே எழுதுகிறேன்.

மே மாதம் என்றால் அக்னி நட்சத்திரம் சார். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த செடியைக் கொண்டுவந்து, கவரைக் கிழித்து, சென்னை வெயிலில் நடு மண்ணில் வைப்பதைக் கொஞ்சமாவது செடி வளர்த்த யாரும் செய்ய மாட்டார்கள். போன வருஷமும் இதே கதைதான். சித்திரையில் வாங்கி வைத்த நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் ஆனி பிறப்பதற்குள் குச்சியாகிவிட்டன, நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? நம் கணக்கு வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது, பட்ஜெட் ஒப்புதலானதும் கையில் காசு இருக்கிறது, உடனே செடி வாங்கிவிடுகிறோம். அப்புறம் ஜூலையில், உண்மையிலேயே நட வேண்டிய நேரத்தில், தோட்டக்கார அண்ணன் வந்து நாலு மூட்டை எரு கேட்டால் இந்த வருஷத்துக் காசு முடிந்துவிட்டது என்கிறோம். தோட்டத்தில் இருக்கும் கோளாறு அவ்வளவுதான், மண்ணில் ஒன்றுமில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்வது வயல்காரர்களுக்கு மட்டும் இல்லை. ஆடி, ஆவணியில் இங்கே பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் திடீரென்று இடியோடு ஒரு மழை அடிக்கும், மொட்டை மாடியில் துணி காயப்போடுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மழையில் விதை முளைத்து வேர் பிடித்துக்கொண்டால், ஐப்பசியில் பருவமழை பிடிக்கும்போது தாங்குகிற அளவுக்குச் செடி நின்றுவிடும். சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் கொட்டலில் போய்க் கீரை விதை தூவினால் விதை அத்தனையும் நீரோடு ஓடிப் பாத்தியின் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், முளைத்ததும் தண்டு அழுகிச் சாயும். மழை விட்டு மார்கழி, தையில் தூவிப் பாருங்கள், அதே விதை அதே பாத்தியில் கட்டுக் கட்டாகக் கிளம்பும்.

ஜெனரேட்டர் அறைக் கம்பிவேலியில் படர்ந்த பந்தல் அவரையை நினைவிருக்கிறதா? புரட்டாசி முழுக்க இலையாகவே போகிறது, ஒரு பூ இல்லை, பிடுங்கிப் போடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் தீர்மானமே வரப் பார்த்தது. நம் நாட்டு அவரைக்கு வயதாவது மட்டும் போதாது, பகல் குறுக வேண்டும். சென்னையில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குறைவான பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது உறைப்பதே இல்லை. அந்தக் கொடிக்கு உறைக்கிறது. கார்த்திகைப் பக்கம் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூவெடுத்து, பொங்கல் சமயத்தில் காய்த்துத் தள்ளியது, பக்கத்து பிளாக்குக்கும் போயிற்று. எப்போது விதைத்தாலும் காய்க்கும் செடி அவரை ரகங்கள் இப்போது உண்டு, வேண்டுமென்றால் தொட்டியில் வைக்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தை மாதத்து அவரைக்காய்க்கு இருக்கிற ருசி வைகாசி அவரைக்கு இல்லை என்பது என் கட்சி. பூசணியும் அப்படித்தான். மழைக்கு முன்னால் போட்ட கொடி மார்கழியில் பூவும் பிஞ்சுமாக நிற்கும். வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைக்கும் வழக்கம் வந்ததே அந்த மாதத்தில் அது வீட்டுக் கொல்லையில் சும்மா பூத்துக் கிடந்ததால்தான் என்று நினைக்கிறேன். இப்போது நாம் அதைக் கடையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மே மாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் புகார் முழுக்க அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான். காய்கறிப் பாத்திகள் மூன்றும் வெறும் மண்ணாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. அண்ணன் அதைக் கொத்திப் புரட்டிப் போட்டிருப்பது வேண்டுமென்றே செய்தது. வயலில் கோடை உழவு என்பார்களே, அதே வேலை. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுவும் நூற்புழுவும் களை வேரும் அந்த வெயிலில் காய்ந்து சாகட்டும் என்றுதான். அந்த வேலையை வெயில் கூலி வாங்காமல் செய்துகொண்டிருக்கும்போது அதன் மேல் புல்லை விரித்துத் தினமும் தண்ணீர் ஊற்றப் போகிறோம், அதுவும் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கும் மாதத்தில். செயற்கைப் புல் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மத்தியான வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நின்று காட்டிவிட்டு அவர் பேசட்டும்.

அப்புறம், வறண்ட தோட்டம் என்று எழுதியவர்களே தினமும் சாயங்காலம் சுவரோரக் குண்டுமல்லி மொட்டைப் பறித்துக்கொண்டு போவதை நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன்! மல்லிக்குக் கோடைதான் கொண்டாட்டம். நவம்பர் கடைசியில் அண்ணன் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டியபோது செடியைக் கொன்றுவிட்டார் என்று கத்தினீர்கள், அந்தக் கவாத்துதான் பங்குனியிலிருந்து இப்படிப் பூத்துக்கொண்டிருக்கிறது. கொத்தவரையும் வெள்ளரியும்கூட இந்த வெயிலில் வரும், தொட்டியில் போட்டிருக்கிறோம், போய்ப் பாருங்கள்.

இலைக் குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் கொட்டுகிற இலையை மூட்டை மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். சரியாக வெயில் ஏறுவதற்கு முன்னால் மரம் தன் காலடியில் போட்டுக்கொள்கிற இலை அது. மல்லி, கொய்யா, முருங்கை அடியில் அதை அரை அடி கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். பாத்தியை வெறுமையாக விடச் சொல்கிறாய், மரத்தடியை மூடச் சொல்கிறாய், எதைத்தான் கேட்பது என்று செயலாளர் கேட்பார். பாத்தியில் இப்போது குடி இல்லை சார், மரத்தடியில் வேர் உயிரோடு இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

மழைக்காலத்து முருங்கைக் கம்பளிப்பூச்சிக்காக மரத்தையே வெட்டும் யோசனையும் வேண்டாம். பகலில் அது கூட்டமாக அடிமரத்தில் அப்பிக்கொண்டிருக்கும், சோப்புக் கரைசலை அங்கேயே அடித்தால் போதும். குழந்தைகளை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள், மேலே பட்டால் அரிப்பு தாங்காது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஏப்ரலில் ஒதுக்கும் தோட்டக் காசில் இப்போது எருவுக்கும் தண்ணீருக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஆடி முதல் தேதி வரை தொடாமல் வையுங்கள். மாதா மாதம் ஒரே தொகை, ஒரே வேலை என்று ஒப்பந்தம் போடாமல் ஆடியிலும் தையிலும் ஆள் கூட்டியும் மே மாதத்தில் குறைத்தும் போடுங்கள், மொத்தச் செலவு ஏறாது. மழைநீர்த் தொட்டியைப் புரட்டாசிக்குள் தூர் வாரிவிடுங்கள். 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டியது, போன ஐப்பசியில் வெள்ளம் வந்த பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே முக்கால்வாசி மண்.

புல் போட வருகிறவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று சுற்றறிக்கையில் இல்லை. கொடுக்கவில்லையென்றால் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதே தொகைக்கு ஆடியில் எருவும் நாற்றும் தர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் மாடிவாசி