ஊழியத்தில் குறைவில்லை, அன்பில்தான் குறைவு என்று எழுதிய தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை நிதானமாக வாசித்தேன். ஆராதனைக் குழு, ஞாயிறு பள்ளி, கமிட்டி, மைக் செட் பொறுப்பு என்று எதையும் விடாமல் செய்துகொண்டிருக்கிறாய். ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை. ஆனால் சபை வாசலில் ஆட்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை, வேறு சபைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "நான் பின்மாற்றத்தில் இருக்கிறேனா அக்கா?" என்றும் ஒரு வரி.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சபைக்கு வராமல் நின்றுவிட்டவர்களைத்தான் நாம் பின்மாற்றக்காரர்கள் என்கிறோம். வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் வரும் எபேசு சபையில் ஒருவரும் நின்றுவிடவில்லை. கிரியை இருக்கிறது, பிரயாசம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. கள்ள அப்போஸ்தலர்களைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உபதேசத் தெளிவும் இருக்கிறது. "இளைப்படையாமல்" என்று ஆண்டவரே சர்டிபிகேட் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் வருகிறது: "ஆனாலும், நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு."

அந்த ஆதி அன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அப்போஸ்தலர் 20-ஐ எடுத்துப் பார். பவுல் மூன்று வருஷம் அந்தச் சபையில் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னவர். விடைபெறும்போது எபேசு மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைக்கிறார். இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னதும், வளர்ந்த ஆண்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் அதே சபைக்குத்தான் இந்தக் குறை எழுதப்படுகிறது. நடுவில் பெரிய பாவம் எதுவும் நடந்ததாக வேதம் சொல்லவில்லை. வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் உன்னைப் பின்மாற்றக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். எபேசுக்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதில் நல்ல செய்தியும் இருக்கிறது. ஆண்டவர் அவர்களுக்குச் சொன்ன பரிகாரம், பழைய உணர்ச்சியை எப்படியாவது மீட்டுக்கொண்டு வா என்பதல்ல. நினைத்துப் பார், மனந்திரும்பு, "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" என்கிறார். உள்ளம் பொங்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. செய்யச் சொல்கிறார்.

நீ சபைக்கு வந்த புதிதில் என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். உனக்கு அப்போது எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆராதனை முடிந்தால் ஓட அவசரமில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பேசுவாய். ஒரு பாட்டியின் மகன் வெளியூரில் வேலை தேடுவதைக் கேட்டு, அடுத்த வாரம் மறக்காமல் விசாரிப்பாய். இப்போது அதே நேரத்தில் மேடையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருக்கிறாய். ஒயரையும் யாராவது சுருட்டத்தான் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்களுக்காகச் செய்யத் தொடங்கிய வேலைகள் ஆட்களைச் சந்திக்கவே விடாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஓடி ஓடி வேலை செய்கிறவனுக்கு எதிரே வருகிறவரெல்லாம் இடைஞ்சலாகத்தான் தெரிவார்கள். உன் எரிச்சலில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

எனவே என் யோசனை உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நான்கு பொறுப்புகளில் இரண்டை விட்டுவிடு. கமிட்டியும் மைக் செட்டும் போகட்டும். யார் செய்வார்கள் என்று கேட்பாய். யாராவது செய்வார்கள், முதல் இரண்டு மாதம் மோசமாகச் செய்வார்கள், பிறகு பழகிவிடுவார்கள். நாம் இல்லாவிட்டால் சபை நின்றுவிடும் என்ற எண்ணம் அர்ப்பணிப்பு மாதிரியே தெரியும், ஆனால் அது வேறு ரகம். ஆனால் கூடிவருவதை மட்டும் விட்டுவிடாதே. எபிரெயர் 10:25-ஐ வருகைப் பதிவேடு மாதிரி எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிடுகிறார்கள். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்று 24-ஆம் வசனம் சொல்கிறது. கூடிவருவது அதற்காகத்தான். ஒருவரையும் கவனிக்காமல் ஐம்பத்திரண்டு ஞாயிறும் வந்துபோக நம்மால் முடியும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அவருடைய கூட்டத்தாருக்கு ஆராதனைக் கட்டடத்தின் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பலரால் அதுகூட முடியாது என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். அப்படியானால் ஏழைகளில் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போட்டுவிடுகிறேன் என்றார் முதலில் பேசியவர். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வாரந்தோறும் ஒவ்வொருவரையும் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடானது. காசு வாங்கப் போனவர்கள் அவரவர் வீட்டு நிலவரத்தை நேரில் பார்த்தார்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. நான் இத்தனை நாளாய்த் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். மெதடிஸ்ட் சபைகளின் வகுப்புக் கூட்டங்கள் இப்படித்தான் பிறந்தன. கடன் வசூலில் தொடங்கிய மேய்ப்புப் பணி! எனக்கு மிகவும் பிடித்த சபைச் சரித்திரத் துணுக்கு இது.

உனக்குப் பன்னிரண்டு பேர்கூட வேண்டாம், ஐந்து பேர் போதும். முழுச் சபையையும் நேசிக்க உன்னால் முடியாது, என்னாலும் முடியாது. "சபையை நேசிக்கிறேன்" என்று சொல்வது சுலபம், ஏனென்றால் அந்தச் சபைக்கு முகம் இல்லை. ஐந்து பேரின் பெயரை எழுதி வைத்துக்கொள். அவர்கள் வீட்டு நிலவரம் உனக்குத் தெரிந்திருக்கட்டும். உன் நிலவரமும் அவர்களில் ஒருவருக்காவது தெரியட்டும். இந்த இரண்டாவதுதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஜெபிக்கிற பையன், தனக்காக ஜெபிக்கச் சொல்லி இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

சரி, இப்போது அந்த மூப்பர் விஷயம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாய். நீ போட்ட நிகழ்ச்சி நிரலைக் கமிட்டி நடுவில் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினார், நீ வாயைத் திறக்கவில்லை, அன்றிலிருந்து அவர் ஒரு வாசலில் வந்தால் நீ மறு வாசலில் போகிறாய். அவர் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதனால் நீ புண்பட்டிருக்கிற விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீயே எண்ணிப் பார். எனக்குத் தெரியும். ஆராதனைக் குழுவுக்குத் தெரியும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலும் போய்விட்டது. தெரியாதவர் ஒருவர்தான், அந்த மூப்பர்.

"அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18 சொல்வதைத் தலைகீழாகச் செய்வது நம்மில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முதலில் சபைக்குத் தெரியும், பிறகு இரண்டொருவருக்கு, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில். நாசி காலத்தில், 1935-இல் இருந்து 1937 வரை, பான்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர் ஜெர்மனியில் ஊழியர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். நாசிகளின் ரகசிய போலீஸான கெஸ்டாப்போ அதை இழுத்து மூடியது. அங்கே சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அவர் வைத்த விதி, அந்த இடத்தில் இல்லாத சகோதரனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். வெளியே உயிருக்கு ஆபத்தான காலம், உள்ளே இப்படி ஒரு சின்ன விதி. அவர்கள் அதை எப்போதும் கடைப்பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கே கேட்ட பிரசங்கங்களிலிருந்தும் பாடங்களிலிருந்தும் கற்ற அளவுக்கு ஏறக்குறைய அந்த விதியிலிருந்தும் அதை மீறிய சம்பவங்களிலிருந்தும் கற்றதாக அங்கே படித்த ஒருவர் பின்னாளில் எழுதினார்.

ஆகவே அவரைப் போய்ப் பார். நீளமாக மெசேஜ் தட்டாதே. போன் செய்து நேரம் கேள். "அன்றைக்குக் கமிட்டியில் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது ஐயா" என்று ஒரு வரி போதும். அவர் மன்னிப்புக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18-இல் பவுல் வேலி போட்டே எழுதியிருக்கிறார். அவர் பங்கு அவருடையது.

கல்யாண வீடுகளில் வாசிக்கிற, அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 இருக்கிறதே, அது கல்யாணத்துக்கு எழுதப்பட்டதல்ல. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டியவர்களுக்கும், சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டவர்களுக்கும், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்த சபைக்கும் எழுதியது. "சினமடையாது, தீங்கு நினையாது" என்ற வரிகளைக் கமிட்டிக் கூட்டத்தின் ஆரம்பத்தில் வாசிக்கலாம், அங்கேதான் அவை இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காணிக்கைக் கணக்கில் மோசடி, பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தப்பான நடத்தை, அதிகாரத்தை வைத்து மிரட்டல் போன்றவற்றுக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே தனியாகப் போய்ப் பேசு என்று யாருக்கும் சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்டவர்களைக் காப்பாற்ற வேண்டும், உரிய இடத்தில் புகார் கொடுக்க வேண்டும். அன்பு சகிக்கும் என்று சொல்லி வாயை அடைப்பது அன்பல்ல. முதல் சபையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டபோது, அப்போஸ்தலர்கள் முறுமுறுக்காதீர்கள் என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரும் கிரேக்கப் பெயர் உள்ளவர்கள். எந்தப் பக்கத்திலிருந்து குறை வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

வேறு சபைக்குப் போவது பாவமா? இல்லை. பவுலும் பர்னபாவும் மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதில் கடுங்கோபம் கொண்டு பிரிந்தே போனார்கள். யார் சரி என்று லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் பவுல் தன் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். பிரிந்தாலும் கதவைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. நீயும் போவதானால் போ, ஆனால் இந்தக் கோபத்தோடு போகாதே. கோபம் உன்னோடுதான் வரும், அங்கேயும் ஒரு மூப்பரைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஜெபத்தைப் பற்றிக் கொஞ்சம். வேதத்தைப் பாடம் எடுப்பதற்காக மட்டுமே திறக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. சில மாதம் சங்கீதங்களை மட்டும் வாசி, குறிப்பு எடுக்காதே. உனக்கு வார்த்தை வராத நாளில் அதையே உன் ஜெபமாகச் சொல்லிவிடு. 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் ஜெபம்தான். அப்புறம், தூங்கு. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான், மறுபடியும் சாப்பாடு. தேவனுடைய மலையாகிய ஓரேபுக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மூப்பருக்காகவும் பெயர் சொல்லி ஜெபி. "அவரை மாற்றும் ஆண்டவரே" என்று அல்ல, அது புகார் மனு. அவருடைய வீட்டுக்காரம்மா உடம்பு சரியில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதற்காக ஜெபி. ஆண்டவர் கழுவிய கால்களில் யூதாசின் கால்களும் உண்டு. உன் மூப்பர் அவ்வளவு மோசமும் இல்லை.

கமிட்டிக்கு ராஜினாமா எழுதும்போது காரணம் எதுவும் விளக்க வேண்டாம், நன்றி மட்டும் சொல். அவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

ஜெபத்துடன்,
அக்கா

பி.கு.: வாலிபர் கூட்டத்தில் பேச ஒரு பகுதி கேட்டிருந்தாய். பிலேமோனை எடு. மொத்தமே 25 வசனம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம். 2-ஆம் வசனத்தைப் பார்க்கத் தவறாதே. தனிக் கடிதம் மாதிரி இருந்தாலும் அவன் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பிலேமோன் என்ன முடிவெடுத்தான் என்று கடிதத்தில் இல்லை. வாலிபர்களையே பேச விடு. நன்றாக விவாதிப்பார்கள்.