மூணு கை மாறி வந்த சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டவர் விழுந்துவிட்டாலும் மீட்புக்குழுவினர் கையிலிருக்கும் கருவிகளே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்தியைக் கடத்திவிடும் என்று போன ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 'பாதையை அவையே கண்டுபிடித்துக்கொள்ளும்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். முப்பது வருசம் தொலைபேசி லைனோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

கருவிகள் தாங்களே பாதை தேட 2003இல் வரையறுக்கப்பட்ட ஏஓடிவி என்ற முறையில், செய்தி அனுப்ப வேண்டிய கருவி "இன்னார் எங்கே?" என்று சுற்றிலும் கூவும். கேட்ட கருவிகளும் கூவும். ஆள் கிடைத்ததும், கூவல் போன தடத்திலேயே பதில் திரும்பி வரும். நடுவில் உள்ளவற்றுக்கு முழுப் பாதை தெரிய வேண்டாம், அடுத்த கை எது என்று தெரிந்தால் போதும். அதே வருடம் வந்த ஓஎல்எஸ்ஆர் என்ற இன்னொரு முறை, யாரும் கேட்காவிட்டாலும் வழித்தடங்களை எந்நேரமும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இரண்டும் சரி. ஆனால் இங்கிருந்து மலையேறும் வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டையூசி வளைவுகள். ஜீப் ஒரு வளைவு திரும்பினால் பாதை அறுந்துவிடும். மறுபடி கூவல். கூவியே பேட்டரி தீர்ந்துவிடும். அதைவிட முக்கியம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நேரத்தில் முழுப் பாதை என்று ஒன்று அங்கே இருக்கவே இருக்காது.

சில வருசம் முன்பு ஓர் ஆடி மழையில் மேலே கரண்டும் டவரும் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. என் தங்கச்சி குடும்பம் அங்கே எஸ்டேட்டில். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் ஒருவர் வந்து, "ஏனுங்ணா, இந்தச் சீட்டு உங்களுக்குங்களா?" என்றார். தேதி காலண்டரில் கிழித்த தாள், ஓரம் நனைந்திருந்தது. "அண்ணா, எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை மாத்திரை நாளைக்கு மட்டும்தான் இருக்கு." எஸ்டேட் ஜீப் டிரைவரிடம் கொடுத்தது, வால்பாறையில் கண்டக்டர் கைக்கு மாறி, என்னிடம் வந்திருக்கிறது. மாத்திரையும் அடுத்த பஸ்ஸில் அதே வழியில் மேலே போனது.

இதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் 'வாங்கி வைத்து, சுமந்து போய்க் கொடுக்கும்' முறை என்கிறார்கள். 2000இல் வந்த யோசனைப்படி, எதிர்ப்படும் கருவிக்கெல்லாம் ஒரு நகல் கொடுக்க வேண்டும், எப்படியாவது ஒன்று போய்ச் சேரும். ஆனால் எல்லோருக்கும் நகல் கொடுத்தால் நினைவகம் நிரம்பி மாத்திரைச் செய்திக்கு இடமிருக்காது. அதனால் 2005இல், இத்தனை நகல்தான் என்று எண்ணிக்கையைக் கட்டிப்போடும் முறை வந்தது. அதோடு ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரமும், மருந்து கேட்கும் செய்திக்கு முன்னுரிமையும் வைத்தால் நம் மலைக்குப் பொருந்தும்.

இதில் பேச முடியாது, எழுத்துச் செய்திதான், அதுவும் தாமதமாகத்தான் போகும். ஒரே சரிவில் தோண்டிக்கொண்டிருக்கும் குழுவினர் தங்களுக்குள் பேச ஏஓடிவி மாதிரி ஒன்று வேண்டும்தான். நான் கேட்பது ஊருக்கும் மலைக்கும் நடுவே உள்ள இணைப்பைப் பற்றி. (ட்ரோனைப் பறக்கவிட்டு டவராக்கலாம் என்கிறது கட்டுரை. ஆடி மாசத்து மூடுபனியையும் காற்றையும் எழுதியவர் பார்த்ததில்லை போலும்.)

அரசுப் பேருந்து, 108 ஆம்புலன்ஸ், எஸ்டேட் ஜீப் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன லோரா பெட்டி (குறைந்த சக்தியில் வெகுதூரம் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ) வைத்தால் போதும். அதற்கு வேண்டிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை நம் நாட்டில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், அதற்கான சக்தி வரம்புக்குள் இருந்தால் சரி. வண்டி பேட்டரியே போதும். அப்புறம், இதற்கான ஒத்திகையைத் தயவுசெய்து கோவை வ.உ.சி. மைதானத்தில் வைக்காமல், வைகாசி முடிவதற்குள் ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு மேலே, மலையிலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன்,
பொள்ளாச்சி