அந்தப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள செல்விக்கு,

நம் கதிரின் கவனக்குறைவுக்கு (ஏ.டி.எச்.டி.) நியூரோஃபீட்பேக் என்கிற மூளை அலைப் பயிற்சி கொடுக்கலாமா, பக்கத்து வீட்டுப் பையன் அதில் தேறினானே என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். நாற்பது அமர்வு, வாரத்துக்கு இரண்டு, அப்புறம் மாத்திரையே வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நியூரோஃபீட்பேக்குக்கும் நான் வேலையில் காலமெல்லாம் எடுத்த அதே இ.இ.ஜி.தான், தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைக் கோடாகப் பதிவது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் சரியாக ஒட்டாது. தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று எத்தனை தாய்மார்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒட்டிய பிறகும் பிள்ளை கண்ணைச் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், கோடு தாறுமாறாகக் குதிக்கும். அது மூளை அலையே இல்லை. நம் கதிர் என்ன, அசையாமல் உட்காருகிற பிள்ளையா?

பெரும்பாலும் மெதுவான தீட்டா அலையைக் குறைத்து வேகமான பீட்டா அலையைக் கூட்டப் பார்க்கிறார்கள். அப்படி நடந்தால் திரையில் விளையாட்டு ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். யோசனை ஒன்றும் மட்டமில்லை. 1960களில் ஸ்டெர்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பூனைகளையே மூளை அலையை மாற்றப் பழக்கினார். 1976இல் லூபர் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளரும் கூட்டாளியும் துறுதுறுப்பு அதிகமான பிள்ளையிடம் செய்து பார்த்து எழுதினார்கள்.

ஆனால் அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுவரை 144 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான பயிற்சி, மற்றவர்களுக்கு வேறொரு பிள்ளையின் பதிவை ஓட்டிப் பொய்ப் பயிற்சி. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுமே நன்றாகத் தேறினார்கள். கவனக்குறைவில் வித்தியாசம் தெரியவில்லை. பதிமூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மருந்து கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2024இல் 38 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் சொல்லும்படியான பலன் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் தேறியது பொய்யில்லை. வாரம் இரண்டு நாள் அம்மா கூடவே வருகிறாள், ஒருவர் எதிரே உட்கார்ந்து சபாஷ் போடுகிறார், பையனுக்கு வயதும் ஏறுகிறது. இதில் ஒயர் செய்தது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

பணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றால் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மாத்திரையை மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தாதே. அது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

கதிர் மதியம் சாப்பிடுவதில்லை என்றாயே, அந்த மாத்திரைக்குப் பசி மட்டுப்படும். காலையில் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறைய இட்லி கொடுத்துவிடு. ராத்திரி பசிக்கிறது என்றால் திட்டாமல் ஒரு தோசை ஊற்று.

அம்மா